வரப்பும் பூட்டும்

நெல்வயல்களுக்கு நடுவே ஓடும் வரப்பை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். இது என் நிலம், அது உன் நிலம் என்று அந்த முழ அகல மண் கூறுகிறது. அதற்குமேல் அதற்கு வலிமை கிடையாது. அக்கம்பக்கத்து உழவர் இருவரும் மதிப்பதனால் அது நிற்கிறது. மதியாதவன் வந்தால் ஒரே எட்டில் தாண்டிவிடுவான். வீட்டுக் கதவிலே தொங்கும் பூட்டோ வேறு இனத்தைச் சேர்ந்தது. அது எவருடைய சம்மதத்தையும் எதிர்பார்ப்பதில்லை. வரப்பு நண்பர்களுக்காக ஏற்பட்டது. பூட்டு அந்நியருக்காக ஏற்பட்டது. இரண்டும் வேண்டியவைதாம். ஆனால் வரப்பையே பூட்டென்று நம்பி, நகைப்பெட்டியை வயலில் வைத்துவிட்டு வருபவரை என்னென்று சொல்வது?

கணிப்பொறியில் கடிதமும் கணக்கும் எழுதும் நம்மில் பலர் இந்தத் தவற்றைத்தான் நாள்தோறும் செய்துவருகிறோம். நானும் செய்தவன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

நான் தலைமையாசிரியராக இருந்த நாட்களில், மாணவர்களின் மதிப்பெண்களை எக்செல் தாளில் தொகுத்து ஆசிரியர்களுக்கு அனுப்புவது வழக்கம். அவரவர் தம் பாடத்துக்குரிய கட்டங்களை நிரப்பித் தருவார்கள். கூட்டுத்தொகைக்குரிய சூத்திரத்தை எவரும் கைதவறி அழித்துவிடக் கூடாதே என்று, அந்தத் தாளுக்கு ஒரு கடவுச்சொல்லிட்டுக் காத்துவைத்தோம். அதுவரை சரி. பின்னர், மாணவர்களின் சாதி, பெற்றோரின் வருமானம், தொலைபேசி எண் ஆகியவை அடங்கிய பத்திகளையும் அதே தாளில் சேர்த்து, அவை கண்ணில் படாமல் மறைத்து, அந்தக் கடவுச்சொல்லையே நம்பிப் பலருக்கும் அனுப்பலானோம். ஒரு நாள் பழைய மாணவர் ஒருவர் என்னைப் பார்க்க வந்திருந்தார். பேச்சு இதைப் பற்றித் திரும்பிற்று. கடவுச்சொல்லை நான் கூறவில்லை, அவரும் கேட்கவில்லை. அவருக்கு வைத்த தேநீர் ஆறுவதற்குள் மறைந்திருந்த பத்திகள் அத்தனையும் திரையில் நின்றன. எங்களை நம்பித் தம் வறுமையை எழுதிக்கொடுத்த பெற்றோரின் முகங்கள் என் நினைவுக்கு வந்தன. எனக்குப் பேச நா எழவில்லை.

இஃது எப்படி இயன்றது? 2007-ஆம் ஆண்டு முதல் வழங்கிவரும் எக்செல் கோப்பு என்பது உண்மையில் ஒரு மூட்டை. ஜிப் என்று சொல்கிறார்களே, அந்த வகை மூட்டை. அதை அவிழ்த்தால் ஒவ்வொரு தாளும் படிக்கத்தக்க எழுத்து வடிவில் உள்ளே இருக்கும். 'இந்தத் தாள் காக்கப்பட்டது' என்று பொருள்படும் ஒரு வரியும் அங்கே இருக்கும். எக்செல் அந்த வரியைப் படித்து அதற்குக் கீழ்ப்படிகிறது, அவ்வளவே. வரியை எடுத்துவிட்டால் தடையும் போய்விடும். மறைத்த பத்திகளோ மூட்டைக்குள் எப்போதுமே வெட்டவெளியில்தான் கிடக்கின்றன. இதில் எக்செல்லைக் குறை கூறுவதற்கில்லை. தாளைக் காக்கும் இந்த ஏற்பாடு பாதுகாப்புக் கருவியாகக் கருதத்தக்கது அன்று என்று மைக்ரோசாப்ட் நிறுவனமே தன் உதவிப் பக்கத்தில் எழுதிவைத்திருக்கிறது. கூகுள் நிறுவனமும் தனது விரிதாளைப் பற்றி அவ்வாறே எச்சரித்திருக்கிறது. படிக்கத் தவறியவர்கள் நாம்.

இந்த வரப்பு வகை ஏற்பாடுகள் இன்னும் சில உண்டு. வேர்டில் 'மார்க் ஆஸ் ஃபைனல்' என்று ஒன்று இருக்கிறது. இது முடிந்த பிரதி, இனித் திருத்த வேண்டா என்று அது அறிவிக்கும். ஆயினும் திருத்தியே தீருவேன் என்பவர் ஒரு பொத்தானை அழுத்தித் திருத்தலாம். கோப்பைச் சேமிக்கும்போது கடவுச்சொல்லுக்கென இரண்டு கட்டங்கள் அருகருகே தோன்றும். ஒன்று திறப்பதற்கு, மற்றொன்று திருத்துவதற்கு. இரட்டைப் பிள்ளைகள்போல் தோன்றினாலும் இவற்றின் குணம் வேறு. திருத்துவதற்கான கடவுச்சொல் மட்டும் இட்ட கோப்பை எவரும் திறந்து படிக்கலாம். 'டிராக் சேஞ்சஸ்' என்பதோ பலர் கூடி எழுதும்போது யார் எதை அடித்தார், எதைச் சேர்த்தார் என்று காட்டுவது. 2005-ஆம் ஆண்டு அக்டோபரில், லெபனான் நாட்டு முன்னாள் பிரதமர் ரஃபீக் ஹரீரி கொலையைப் பற்றிய ஐக்கிய நாடுகள் விசாரணை அறிக்கை வெளிவந்தபோது, அதன் மின்பிரதியில் இந்தத் திருத்தத் தடங்கள் அப்படியே தங்கியிருந்தன. அறிக்கையிலிருந்து நீக்கப்பட்ட பெயர்களை உலகமே படித்தது.

இதனினும் வருந்தத்தக்க நிகழ்ச்சி 2023-ஆம் ஆண்டில் வட அயர்லாந்தில் நேர்ந்தது. அங்கே காவல்துறையில் பணிபுரிவோருக்கு ஆயுதமேந்திய குழுக்களால் உயிராபத்து உண்டு. அவ்வாண்டு பிப்ரவரியில் ஒரு காவல் அதிகாரி சுடப்பட்டுப் படுகாயமுற்றார். தாம் செய்யும் வேலையை உற்றாரிடமும் கூறாமல் வாழ்கிறவர்கள் அங்கே உண்டு. இந்நிலையில், எந்தெந்தப் பதவியில் எத்தனை பேர் இருக்கின்றனர் என்று தகவல் உரிமைச் சட்டத்தின்படி ஒருவர் கேட்டார். ஆகஸ்டு 8-ஆம் நாள் விடை எக்செல் கோப்பாக இணையத்தில் வெளியாயிற்று. கண்ணுக்குத் தெரிந்த தாளில் எண்ணிக்கை மட்டுமே இருந்தது. ஆனால் அதே கோப்பில் மறைந்திருந்த மற்றொரு தாளில் 9,483 பேருடைய குடும்பப் பெயர், பெயரின் முதலெழுத்து, பதவி, பணியிடம் ஆகிய அனைத்தும் இருந்தன. சில மணி நேரத்தில் கோப்பு அகற்றப்பட்டது. எனினும் ஒரு வாரம் முடிவதற்குள், அந்தப் பட்டியல் தீவிரவாதக் குழுவினர் கைக்குச் சென்றுவிட்டதென்று காவல்துறைத் தலைவரே கூற நேர்ந்தது. 2024-இல் பிரிட்டனின் தகவல் ஆணையர் அத்துறைக்கு 7,50,000 பவுன் அபராதம் விதித்தார். வீடு மாறியோரின் மனக்கலக்கத்துக்கு எந்த அபராதம் ஈடாகும்?

அப்படியானால் பூட்டு எது? திறப்பதற்கான கடவுச்சொல்லே பூட்டு. எக்செல்லிலும் வேர்டிலும் இது 'என்கிரிப்ட் வித் பாஸ்வேர்டு' என்னும் பெயரில் இருக்கிறது. இது வெறும் அறிவிப்பு வரி எழுதுவதன்று. கோப்பின் உள்ளடக்கம் முழுவதையும் சங்கேத எழுத்தாகக் குழப்பிவிடுவது. இதற்குப் பயன்படும் ஏ.இ.எஸ். என்னும் முறையைப் பெல்ஜிய நாட்டு அறிஞர் இருவர் வகுத்தனர்; 2001-இல் அமெரிக்க அரசு அதைத் தரமாக ஏற்றது. நாம் இடும் கடவுச்சொல்லை 2010-ஆம் ஆண்டுப் பதிப்பு 1,00,000 முறை திரும்பத் திரும்ப அரைத்து, அதிலிருந்து சாவியைச் செய்கிறது. இதனால், ஒவ்வொரு சொல்லாகப் போட்டுப் பார்க்கும் திருடனுக்கு ஒவ்வொரு முயற்சியும் காலதாமதமாகிறது. கோப்பின் மூட்டையை அவிழ்த்துப் பார்த்தாலும் உள்ளே பொருளற்ற எழுத்துக் குவியலே கிடக்கும்.

ஆயினும் இதற்கும் எல்லையுண்டு. மகளின் பெயரையும் பிறந்த ஆண்டையும் கடவுச்சொல்லாக வைத்தால் எந்தப் பூட்டும் நில்லாது. 2003-ஆம் ஆண்டுக்கு முற்பட்ட பழைய வகைக் கோப்புகளின் பூட்டு வலுவற்றது. அதற்குரிய எல்லாச் சாவிகளையும் இன்றைய கணிப்பொறி ஒன்றுவிடாமல் முயன்று பார்த்துவிடும். மேலும், நல்ல பூட்டின் கடவுச்சொல்லை மறந்துவிட்டால் அதை மீட்டுத்தர மைக்ரோசாப்டினாலும் இயலாது. பூட்டு உண்மையானது என்பதற்கு அதுவே சான்று. முன்னே சொன்ன மதிப்பெண் தாளைத் திறக்க எவரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை அல்லவா?

எனவே ஒரு கோப்பை வெளியே அனுப்புமுன் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ள வேண்டும். இந்தத் தடை கைதவறுகிறவரை நிறுத்துவதா, கெட்ட எண்ணம் கொண்டவரை நிறுத்துவதா? முன்னதாயின், சகப் பணியாளருக்குள் அது போதும். பின்னதாயின், பூட்டு வேண்டும். சாவியை அதே கடிதத்தில் வைத்தனுப்பாமல் தொலைபேசி வாயிலாகச் சொல்ல வேண்டும். இவற்றினும் மேலான வழி ஒன்றுண்டு. பெறுபவருக்கு வேண்டாததை அனுப்பாமல் இருப்பதே அது. வேண்டிய வரிகளை மட்டும் புதிய கோப்பில் எடுத்தெழுதி அனுப்பினால் மறைக்க எதுவும் இராது. வட அயர்லாந்து நிகழ்ச்சிக்குப் பின்னர், தகவல் கேட்போருக்கு மூல எக்செல் கோப்பை அப்படியே தருவதை நிறுத்துங்கள், மறைவிடமற்ற எளிய வடிவுக்கு மாற்றித் தாருங்கள் என்று பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம் அறிவுறுத்தியது.

எங்கள் பள்ளியிலும் அன்று மாலையே அப்படித்தான் செய்தோம். மதிப்பெண் ஒரு கோப்பிலும், மாணவர் குடும்ப விவரம் மற்றொரு கோப்பிலும் பிரிந்தன. இரண்டாவது கோப்பு பூட்டப்பெற்று என் மேசைக் கணிப்பொறியைவிட்டு வெளியே போகவில்லை. முதற்கோப்பில் பழைய கடவுச்சொல் அப்படியே இருந்தது. சூத்திரத்தைக் கைதவறி அழிக்காமலிருக்க அந்த வரப்பு போதுமானதாயிருந்தது.