நகரசபை அறிவிப்பும் நம்மவர் செவியும்

சில ஆண்டுகளுக்கு முன்னர், வட இந்திய நகரம் ஒன்றில் நாம் குடியிருந்த தெருவின் முனையில், மின்கம்பத்தில் காகிதம் ஒன்று ஒட்டப்பட்டிருந்தது. அடுத்த வீட்டுப் பெரியவர் தஞ்சை மாவட்டத்தவர். ரயில்வேயில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். இந்தியை எழுத்துக்கூட்டி வாசிக்கக் கூடியவர். அன்று மாலை அவர் நம் வீட்டுக்கு வந்து, "சார், நம் தெருவுக்கு ஏதோ ஆபத்தாம். முப்பது நாள் கெடு கொடுத்திருக்கிறார்கள். வேறு வீடு பார்க்க வேண்டுமோ?" என்று கலக்கத்தோடு வினவினார்.

உடன் சென்று பார்த்தோம். தெருவின் ஒரு பகுதியில் கடைகளை அனுமதிக்க நகராட்சி உத்தேசித்துள்ளது; 'ஆபத்தி' உடையோர் முப்பது நாட்களுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கலாம் என்று கண்டிருந்தது. இந்தியில் 'ஆபத்தி' என்பதற்கு ஆட்சேபணை என்று பொருள். பெரியவரின் அச்சம் நீங்கியது. ஆயின் காகிதத்தின் தலையில் இருந்த தேதியைக் கண்டு நமக்குக் கவலை பிறந்தது. அன்றோடு இருபத்தெட்டு நாட்கள் கழிந்திருந்தன. அத்தனை நாளும் நம்மவர் அனைவரும் அந்தக் கம்பத்தைக் கடந்தே போய் வந்துகொண்டிருந்தோம்.

பொது அறிவிப்பு என்பது நமக்கு விளங்கிற்றா என்று சட்டம் கேட்பதில்லை. விதித்த முறைப்படி வெளியிடப்பட்டதா என்று மட்டுமே கேட்கிறது. 1957ஆம் ஆண்டின் தில்லி மாநகராட்சிச் சட்டத்தை எடுத்துக்கொள்வோம். அறிவிப்பு எழுத்தில் இருத்தல் வேண்டும்; அதிகாரியின் கையொப்பம் வேண்டும்; சம்பந்தப்பட்ட பகுதியில் யாவரும் காணும் பொது இடங்களில் ஒட்டியோ, முரசறைந்தோ, உள்ளூர்ச் செய்தித்தாளில் விளம்பரம் செய்தோ, இவற்றுள் இரண்டு மூன்றைச் சேர்த்தோ மக்களுக்குத் தெரிவிக்கலாம் என்று அது கூறுகிறது. முரசு என்ற சொல் ஏதோ பழங்காலத்து அலங்காரம் அன்று. ஒரு சொத்தை ஜப்தி செய்வதையும் ஏலம் விடுவதையும் முரசறைந்தோ வேறு வழக்கமான முறையிலோ அறிவிக்க வேண்டும் என்று 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டமும் விதித்தது.

நாம் தமுக்கு என்றும் தண்டோரா என்றும் சொல்வதை வடக்கே 'முனாதி' என்பார்கள்; மராத்தியர் 'தவண்டி' என்பார்கள்; கன்னடியர் 'டங்குர' என்பார்கள். எழுத்தறியாதவனும் கேட்டறிவான் என்பது முரசின் சிறப்பு. எனினும், முரசை அடித்தவர் தம் விருப்பத்தால் அடித்ததில்லை. குறிப்பிட்ட குலத்தில் பிறந்த காரணத்தால் அவர் தலையில் சுமத்தப்பட்ட ஊழியம் அது. தமிழ்நாட்டு அரசு 2022 ஆகஸ்டில் தண்டோராவைக் கைவிடுமாறும் வாகனத்தில் ஒலிபெருக்கி வைத்து அறிவிக்குமாறும் பணித்தது முற்றிலும் நியாயமே.

அறிவிப்புச் செய்வோர் அதனைக் கேட்பவரை எவ்வளவு தூரம் மனத்திற் கொள்ளலாம் என்பதற்கு நம் நாட்டில் மிகப் பழைய சான்று ஒன்று உண்டு. ஒடிசாவில் தௌலி, ஜௌகடா என்னும் இரண்டு இடங்களிலும் அசோகர் தம் நகர அதிகாரிகளுக்கு இட்ட கட்டளை பாறையில் பொறிக்கப்பட்டுள்ளது. பாறையில் வெட்டியதோடு அவர் நிறைவடையவில்லை. திஷ்ய நட்சத்திரம் கூடும் நாளில், அதாவது நமது பூசத்தன்று, அதனை மக்கள் செவியில் படுமாறு வாசிக்க வேண்டும், இடையிலும் வாசிக்கலாம், கேட்பவன் ஒருவனே ஆயினும் வாசிக்கலாம் என்றார். 1958இல் காந்தகாரில் கண்டெடுக்கப்பட்ட அவரது கல்வெட்டோ கிரேக்கத்திலும் அரமேயத்திலும் இருக்கிறது. அங்கே வாழ்ந்தவர்களுக்கு விளங்கிய மொழிகள் அவை.

நம் காலத்தில் இதற்கு ஓர் அளவு வகுத்திருக்கிறார்கள். மொழிவழி மாநிலங்கள் அமைந்த 1956ஆம் ஆண்டில் மொழிச் சிறுபான்மையோருக்கான பாதுகாப்பு ஏற்பாடுகளை மத்திய அரசு வகுத்தது. ஒரு மாவட்டத்திலோ, நகராட்சி, வட்டம் போன்ற சிறு பகுதியிலோ சிறுபான்மையோர் தொகை நூற்றுக்குப் பதினைந்துக்குக் குறையாமல் இருப்பின், முக்கியமான விதிகளையும் அறிவிப்புகளையும் அவர்கள் மொழியிலும் வெளியிட வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. இது மாநிலங்கள் ஒப்புக்கொண்ட ஏற்பாடேயன்றிச் சட்டம் அன்று. எனவே கேட்டுப் பெற வேண்டியது. கேரளத்தில் தேவிகுளம், பீர்மேடு போன்ற தமிழர் செறிந்த வட்டங்களில் வாழ்வோர் இதனை நினைவில் வைப்பது நன்று. தில்லியிலும் பிற வட நகரங்களிலும் நாம் அந்த அளவை எட்டுவதில்லை.

எட்டாத இடத்திலும் வழி முற்றும் அடைபட்டுவிடவில்லை. மகாராஷ்டிரத்தில் அகோலா மாவட்டத்துப் பாத்தூர் நகர மன்றத்தின் பெயர்ப்பலகையில் மராத்தியோடு உருதுவும் இருக்கலாமா என்ற வழக்கில், இருக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. நகர மன்றம் ஊராரின் அன்றாடத் தேவைகளுக்காக இருப்பது. அவர்களுள் பலருக்குப் பழக்கமான மொழியைக் கூடுதலாக எழுதுவதில் தவறில்லை என்பது அத்தீர்ப்பின் போக்கு.

அறிவிப்பினால் எவ்வளவு நேரும் என்று ஐயுறுவோர், தில்லி ஜங்புராவில் பாராபுல்லா வடிகாலின் ஓரம் இருந்த மதராசி முகாமை எண்ணிப் பார்க்க வேண்டும். தலைமுறைகளாக அங்கே வாழ்ந்தோர் பெரும்பாலும் தமிழர். உயர் நீதிமன்ற ஆணைப்படி 2025 ஜூன் 1 அன்று அது இடிக்கப்பட்டது. ஏறத்தாழ 370 குடிசைகளில் 189 மட்டுமே மாற்று வீட்டுக்குத் தகுதி உடையவை என்று கணக்கெடுப்பில் கண்டார்கள். கொடுத்த வீடுகளும் நகரின் மறுகோடியில், நரேலாவில். குறித்த நாளுக்கு முன்பே அங்கு வசித்ததற்குச் சான்று காட்டுவதைப் பொறுத்தது தகுதி. கணக்கெடுப்பு, தகுதியுள்ளோர் பட்டியல், காலி செய்யும் நாள் என ஒவ்வொன்றும் ஓர் அறிவிப்பாகவே குடிமக்களிடம் வருகிறது.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நாம் சொற்களைப் பற்றிச் சிறிது கூற நேயர்கள் அனுமதிக்க வேண்டும். கர்நாடகத்தில் ஆட்சேபணையை 'ஆட்சேபணெ' என்றே சொல்வதால் தொல்லையில்லை. மராத்தியில் அது 'ஹர்கத்'. அதே சொல்லுக்கு இந்தியில் விஷமச் செயல் என்று பொருள். தமிழில் விஞ்ஞாபனம் என்றால் பணிந்து தெரிவிக்கும் வேண்டுகோள். விண்ணப்பம் அதன் உறவு. வடக்கே 'விக்ஞாபன்' என்பது விளம்பரம். 'விக்ஞப்தி' என்பது அதிகாரிகள் வெளியிடும் அறிவிப்பு. கீழிருந்து மேலே சென்ற சொல் அங்கே மேலிருந்து கீழே வருகிறது! இத்தகைய சொற்கள் ஒவ்வொரு மொழியிலும் பத்துக்கு மேல் இரா. தலைப்பு, தேதி, கெடு, ஆட்சேபணை, அதனைக் கொடுக்க வேண்டிய அலுவலகம் ஆகியவற்றுக்குரிய சொற்களை அறிந்தால் போதும். எஞ்சியதை அண்டை வீட்டாரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

நிலம் கையகப்படுத்துவதற்குரிய 2013ஆம் ஆண்டுச் சட்டம் ஆட்சேபணைக்கு அறுபது நாட்கள் அளிக்கிறது. இரண்டு நாளிதழ்களில் வெளியிட வேண்டும், அவற்றுள் ஒன்று வட்டார மொழியில் இருக்க வேண்டும். உள்ளாட்சி அலுவலகத்திலும் வட்டார மொழியில் வைக்க வேண்டும் என்கிறது. இந்த வட்டார மொழி என்பது மும்பையில் மராத்தி, அகமதாபாத்தில் குஜராத்தி. சென்னையிலிருந்து வரும் தமிழ் நாளேட்டை மட்டும் படிப்பவர் கண்ணில் அது படாது. நம் தமிழ்ச் சங்கங்கள் ஆண்டு விழாவுக்குச் செலவிடும் ஊக்கத்தில் ஒரு சிறு பங்கை எடுத்து, உள்ளூர் நாளிதழின் அறிவிப்புப் பக்கத்தை வாரம் ஒரு முறை தமிழில் வாசித்துக் காட்டினால் எத்தனை குடும்பங்களுக்கு உதவும்!

மறுமொழி கொடுக்கும் போது மொழி ஒரு தடையன்று. குறையைத் தீர்க்குமாறு வேண்டி எந்த அதிகாரிக்கும், அந்த மாநிலத்தில் வழங்கும் மொழியிலாவது ஒன்றியத்தில் வழங்கும் மொழியிலாவது முறையிடலாம் என்று அரசியலமைப்பின் 350ஆவது பிரிவு கூறுகிறது. பெரியவர் அன்றிரவே தம் ஆட்சேபணையைத் தமிழில் எழுதினார். பள்ளி விடும் நேரத்தில் அத்தெருவில் லாரிகள் வந்து நின்றால் குழந்தைகள் எவ்வாறு வீடு சேரும் என்பதே அதன் சாரம். இந்தி வடிவத்தை நாம் எழுதி உடன் இணைத்தோம். மறுநாள் அலுவலகத்தில் இருந்த எழுத்தர் தமிழ்த் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு இரண்டையும் வாங்கிக்கொண்டு, படியில் முத்திரையிட்டுத் தந்தார்.

கடைகள் வந்தன, சரக்கு லாரிகளுக்கு மட்டும் காலை, மாலை வேளைகளில் தடை விதிக்கப்பட்டது. நாம் மாற்றலாகி அவ்வூரை விட்டுப் புறப்படும் வரை, பெரியவர் பால் வாங்கிவரும் வழியில் அந்தக் கம்பத்தடியில் சற்று நின்று, விளங்காத சொல் ஏதும் இருந்தால் உள்ளங்கையில் எழுதிக்கொண்டு நேரே நம் வீட்டுக்கு வருவார்.