மேல்படிப்புக் கடன்: ஏணியா? சுமையா?

('ஏணியே' அணியில் பேசியது)



எதிரணிச் சகோதரர் கேட்டார்: "நர்ஸ் வேலை கையில இருக்கு. எதுக்குக் கடன் வாங்கி நர்ஸ் பிராக்டிஷனர் படிக்கணும்?" நல்ல கேள்விங்க. எங்க வீட்டுலயும் இதே கேள்வி வந்துச்சு. நான் இருபது வருஷமா தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியர். என் மகளும் பி.எஸ்ஸி. நர்சிங் முடிச்சு ரெண்டு வருஷமா ஐ.சி.யு.வில வேலை பாக்கறா.

அது என்ன படிப்பு? 1965-ல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா ஃபோர்டு என்ற செவிலியரும், ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் தொடங்கியது. நோயாளியைப் பரிசோதிப்பது, சிகிச்சையைத் திட்டமிடுவது வரை செவிலியருக்குக் கற்றுத் தரும் படிப்பு. இங்கே இந்திய நர்சிங் கவுன்சில், தீவிர சிகிச்சைக்கென்று இரண்டாண்டு முதுநிலைப் படிப்பாகக் கொண்டுவந்திருக்கிறது.

எங்க வீட்டுக்காரர், "கல்யாணத்துக்குச் சேர்த்த காசைத் தொட மாட்டேன்"னுட்டார். நடுவர் அவர்களே, கல்யாணத்துக்கு வாங்கின கடனை நம்ம ஊர்ல யாரும் கடன்னு சொல்றதில்ல, கௌரவம்னு சொல்றோம்! (சிரிப்பு) பொண்ணு படிப்புக்கு வாங்கினா மட்டும் கடன்! (கைதட்டல்)

அதுக்காகக் கண்ணை மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போடச் சொல்லல. பேச்சுக்கு 4 லட்சம் கடன், 10 சதவீத வட்டின்னு வச்சுக்குங்க. படிக்கிற 2 வருஷமும், மேல 1 வருஷமும் தவணை கட்ட வேண்டாம். ஆனா வட்டி தூங்காது! அசலும் வட்டியும் சேர்ந்து 5,20,000 ஆயிடும். ஏழு வருஷத்தில் அடைக்க மாசம் சுமார் 8,600. வேலையை விட்டுட்டுப் படிச்சா, மாசம் 20,000 வீதம் 4,80,000 சம்பளமும் போச்சு. கடனைவிட அது பெரிசு!

எதிரணி கைதட்டுது. பொறுங்க! இது வார்டிலேயே பணிசெய்து கற்கும் படிப்பு. அதனால பணியிலிருந்து வருபவருக்கு வழக்கமான சம்பளம், மற்றவருக்கு அந்த மருத்துவமனையின் முறைப்படி சம்பளம் என்று கவுன்சிலின் பாடத்திட்டமே சொல்கிறது. ஆகவே கட்டணம் எவ்வளவுன்னு கேக்கறதுக்கு முன்னால, "ரெண்டு வருஷமும் சம்பளம் உண்டா? முடிச்சதும் அந்தப் பதவியில வேலை உண்டா? எழுதித் தருவீங்களா?"ன்னு கேளுங்க. 2017-ன் தேசிய சுகாதாரக் கொள்கை இப்படியொரு பணிநிலை வேணும்னு சொல்லிடுச்சு. ஆனா எல்லா மருத்துவமனையிலும் அந்த நாற்காலியைப் போட்டாச்சுன்னு சொல்ல முடியாது. பட்டத்தோட பழைய சம்பளத்துக்கே திரும்பினா, அந்த 8,600 தொண்டையில நிக்கும். இதைப் படிச்சா நேரே அமெரிக்காவுல இதே வேலைன்னு யாராவது சொன்னாலும் நம்பாதீங்க. அங்கே தனிப் படிப்பு, மாநில உரிமம் எல்லாம் வேணும்.

என் மகள் மூணு இடத்துல கேட்டா. ரெண்டு இடத்துல மழுப்பினாங்க. மூணாவது இடம் எழுதித் தந்துச்சு. சம்பளம் வர்றதால 2 லட்சம் கடனே போதும், தவணை சுமார் 4,300. கல்யாணக் காசு பத்திரமா இருக்கு. எங்க வீட்டுக்காரரே ஜாமீன் கையெழுத்துப் போடறேன்னுட்டார்! (கைதட்டல்)

ராத்திரி ரெண்டு மணிக்கு மூச்சுத் திணறுற நோயாளி பக்கத்துல நிக்கிறது செவிலியர்தான். அவளுக்குக் கூடுதலா ஒரு விஷயம் தெரிஞ்சா, ஓர் உயிர் நமக்குக் கூடுதல். ஏணியை ஆட்டிப் பாத்துட்டு ஏறுங்க. ஆனா ஏறாம இருந்துடாதீங்க. கடன் ஏணியே என்று கூறி விடைபெறுகிறேன்.