மேடில்லா ஊரில் மலைக்குப் பயிற்சி
(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வருகின்ற ஐப்பசியில் நாங்கள் நால்வர் நேபாளம் சென்று, பொக்கராவிலிருந்து முக்திநாத் வரை மலைத் துவிச்சக்கர வண்டியிற் போய்வர இருக்கின்றோம். செய்தி ஊரிற் பரவிய நாள் முதலாகப் பெரியவர்கள் கேட்பது ஒன்றே: "தம்பி, ஒரு மேட்டைத்தானும் காணாத தீவுப் பொடியள் இமயமலையிலை என்னெண்டு உழக்கப் போறியள்?" நியாயமான கேள்வி. அதற்கு விடை சொல்லவே செயலாளர் என்னை இங்கே நிறுத்தியிருக்கிறார்.

முக்திநாத் ஏறத்தாழ 3,700 மீற்றர் உயரத்தில் உள்ளது. எமது நாட்டின் அதியுயர்ந்த பிதுருதலாகல மலையே 2,524 மீற்றர்தான். வைணவர் போற்றும் நூற்றெட்டுத் திவ்விய தேசங்களுள் ஒன்றாகிய சாளக்கிராமம் இதுவே என்பர். பௌத்தரும் அவ்விடத்தை வணங்குகின்றனர். அம்மன் கோயிலும் நாகதீப விகாரையும் அடுத்தடுத்து இருக்கும் நயினாதீவுக்குப் படகேறிப் பழகிய நமக்கு அது புதுமையன்று. மிஷன் பாடசாலையிற் படித்த எனக்குத் திவ்விய தேசம் என்ற சொல்லே இச்சங்கத்தின் வாசிகசாலையிலேதான் அறிமுகமாயிற்று என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் பழைய ஆசிரியர்கள் மன்னிப்பார்களாக.

இனிப் பயிற்சி. நமக்கு மலை இல்லை, சோளகம் இருக்கிறது. ஆனியிலிருந்து புரட்டாதி வரை பண்ணைத் தாம்போதியில் மேற்கு நோக்கிச் சைக்கிள் விட்டவர்களுக்கு நான் எதை விளக்க வேண்டும்? இரு புறமும் கடல். ஒதுங்க ஒரு பனைதானும் இல்லை. காற்றின் வேகம் இரு மடங்கானால் அதன் தடை நான்கு மடங்காகும் என்பது பௌதிகம். அல்லைப்பிட்டி, மண்கும்பான், வேலணை, பிறகு புங்குடுதீவுத் தாம்போதி, முடிவிற் குறிகட்டுவான் இறங்குதுறை: ஏறத்தாழ 30 கிலோமீற்றர். கியரைக் குறைத்து, மூச்சை அளந்து, நிற்காமல் உழக்க வேண்டும். ஏற்றத்தில் வேண்டியதும் இதுவே. மலையிலாவது ஏறியபின் ஓர் இறக்கம் கிடைக்கும். தாம்போதியில் உழக்குவதை விட்டால் வண்டி அந்தக் கணமே நின்றுவிடும்.

கல்லுப் பாதைக்கு நெடுந்தீவு. வண்டிகளைப் படகில் ஏற்றி இரு முறை போனோம். தெருவை விட்டு இறங்கினால் முருகைக்கல் நிலம். முருகைக்கல் மதில்களுக்கிடையே ஒழுங்கைகள். அப்பால் வெளியில் மட்டக்குதிரைகள். அங்கே உழக்கியபின் இரண்டு நாள் கையெழுத்துப் போட முடியவில்லை.

சோளகப் பயிற்சிக்கு வேறொரு பயனும் உண்டு. நாம் போகும் காளி கண்டகிப் பள்ளத்தாக்கு, 8,091 மீற்றர் அன்னபூர்ணாவுக்கும் 8,167 மீற்றர் தௌலாகிரிக்கும் நடுவே கிடக்கிறது. வெயில் ஏற, வடக்கே உள்ள மேட்டுநிலம் சூடேறிக் காற்று மேலெழும்ப, தெற்கிலிருந்து அந்த இடுக்கு வழியாகக் காற்று பாய்ந்து வருமாம். ஜொம்சொம் விமானங்கள் காலையில் மாத்திரம் பறப்பதற்கு அதுவே காரணம். திரும்பி வருகையில் அது நமக்கு எதிர்க்காற்று. ஆகவே விடியற் புறப்பட்டு மதியத்துக்கு முன் தங்குமிடம் சேர்வதென்று தீர்மானித்திருக்கிறோம்.

தீவுகள் கற்பிக்காதவை இரண்டு. ஒன்று, இறக்கத்திற் பிறேக் பிடிக்கும் வித்தை. அதைக் காத்மாண்டுக் குன்றுகளில் இரண்டு நாள் பழக வேண்டும். மற்றது காற்றின் மென்மை. முக்திநாத்தில் ஒரு மூச்சிற் கிடைக்கும் பிராணவாயு இங்கே கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்களவுதான். 3,000 மீற்றருக்கு மேலே, நாளொன்றுக்கு 500 மீற்றருக்கு அதிகமாகப் படுக்கையை உயர்த்தலாகாது என்பது மருத்துவர் விதி. அதனால் 2,800 மீற்றரிலுள்ள காக்பெனியில் இரண்டு இரவு தங்கி, முக்திநாத்தைத் தரிசித்து அன்றே கீழிறங்குவோம்.

இனி, எங்களைப் பிரித்துவிடப் பார்த்த விஷயத்துக்கு வருகிறேன். தாம்போதியில் ஒருவர் பின் ஒருவராகப் போனால் பின்னால் வருபவருக்குப் பாரம் கால் பங்குக்கு மேற் குறையும். முறை மாறி முறை மாறிக் காற்றை உடைத்தோம். ஆனால் மலையில் நடை வேகத்தில் ஏறும்போது முன்னாற் போகிறவரின் மறைப்பால் பயன் இல்லை. தன் பாரத்தைத் தானே இழுக்க வேண்டும். எனவே சென்ற மாதக் கடைசியில், கால் மணி நேர இடைவெளி விட்டுத் தனித்தனியே குறிகட்டுவானுக்குப் புறப்பட்டோம். மூவர் வந்து சேர்ந்தோம். நான்காமவர் வரவேண்டிய நேரத்துக்கு ஒரு மணி நேரம் பிந்தி வந்தார். ஆனால் எங்கும் இறங்கி உருட்டாமல் வந்தார்.

இறங்குதுறைத் தேநீர்க்கடையிற் பெரிய வாக்குவாதம். அவர் தாமே, "நான் நிக்கிறன், நீங்கள் போங்கோ" என்றார். அப்படியே விடலாம் என்றும் ஒருவர் சொன்னார். நான் சொன்னது இதுதான்: உடற்பலம் மலைநோயைத் தடுப்பதில்லை, விரைந்து ஏறுவதே அந்நோயை வருவிக்கிறது. பலமுள்ள வாலிபரே அவசரப்பட்டு ஏறித் தலையிடியோடு படுத்துவிடுகிறார்கள். அப்படியிருக்க, மெதுவாகவும் நிற்காமலும் உழக்கத் தெரிந்தவரை விட்டுவிட்டு எவரை அழைத்துப் போவது? இரண்டு தேநீர் குடித்து முடிந்தபின் நால்வரும் சம்மதித்தோம். ஜொம்சொத்துக்கு மேலே அவரே முன்னாற் போவார். அவரை ஒருவரும் முந்துவதில்லை. யாருக்காவது தலையிடியும் ஓங்காளமும் கண்டால், கோயில் கண்ணுக்குத் தெரிந்தாலும் நால்வரும் இறங்குவோம்.

இதை அவருடைய தாயாரிடமும் நேரிற் போய்ச் சொன்னோம். அவர் இன்னும் முழுச் சம்மதம் தரவில்லை. நயினை அம்மனுக்கு நேர்த்தி வைத்திருக்கிறாராம். நாம் போவதற்கா, போகாமல் நிற்பதற்கா என்று கேட்க எங்களுக்குத் துணிவு வரவில்லை.

வருகின்ற ஞாயிறு கடைசி ஓட்டம். வேலணை வழியாக ஊர்காவற்றுறை, அங்கிருந்து பாதையிற் கடந்து காரைநகர், பொன்னாலை, யாழ்ப்பாணம். விரும்பும் சங்க அங்கத்தவர் எந்தச் சைக்கிளிலும் எங்களோடு வரலாம். அதன்பின் வண்டிகளைக் கழற்றி விமானத்துக்குக் கட்ட வேண்டும். புதுச் சைக்கிள் வந்த மட்டைப் பெட்டி நான்கு தேவை. சைக்கிள் கடை வைத்திருக்கும் பெரியோர் இரண்டொருவர் முன் வரிசையில் இருக்கக் காண்கிறேன். கூட்டம் முடிந்ததும் வந்து சந்திக்கின்றேன்.