யாரிடம் எதைக் கேட்பது?

(கெங்கவல்லியில் தொழில் தொடங்க விரும்பும் இளைஞர்கள், மகளிர் சுய உதவிக் குழுவினர் இடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். நான் தொழில் நடத்தினவள் இல்லை. அரசு சேவைகளைப் பற்றி எழுதுவதுதான் என் வேலை. அதனால் "இந்தத் தொழிலைத் தொடங்குங்க, இவ்வளவு லாபம் வரும்"னு நான் சொன்னா நம்பாதீங்க. யாரிடம் எதைக் கேட்கலாம் என்பதை மட்டும் சொல்ல வந்திருக்கிறேன்.

இப்படி வெச்சுக்குவோம். உங்களில் ஒருவர் மரவள்ளிக்கிழங்கு சிப்ஸ் போட்டு விற்க நினைக்கிறார். நகையை அடகு வைத்து ஒரு லட்சம் ரூபாய் கையில் வைத்திருக்கிறார். விஷயம் தெரிந்ததும் ஆளாளுக்கு யோசனை. மாமா, "ஆத்தூர்ல கடை பிடி" என்கிறார். மெஷின் விற்பவர், "பெருசா வாங்கிடுங்க, பின்னாடி மாத்த வேண்டியதில்ல" என்கிறார். பக்கத்து வீட்டு அண்ணன், "சிப்ஸ் வேண்டாம், மசாலாப் பொடிதான் ஓடும்" என்கிறார். யூடியூபில் ஒருவர், "முதல்ல பேர் வையுங்க, லேபிள் அடிங்க" என்கிறார். இப்படியே மூன்று மாதம் போகிறது. எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறவில்லை. நகைக்கடன் வட்டி மட்டும் ஏறிக்கொண்டே இருக்கிறது.

இதில் யாரும் கெட்டவங்க இல்லை. நம்ம கேள்வி என்னன்னு நமக்கே தெளிவா தெரியாதபோது, எல்லாருடைய பதிலும் சரின்னு தோணும். அதுதான் சிக்கல்.

நம்ம சேலம் ஜவ்வரிசியின் கதையையே பாருங்கள். இரண்டாம் உலகப்போர் காலம். வெளிநாட்டிலிருந்து ஜவ்வரிசியும் ஸ்டார்ச் மாவும் வருவது தடைபட்டிருந்தது. சேலத்தைச் சேர்ந்த மாணிக்கம் செட்டியார் வியாபாரத்துக்காகக் கேரளாவுக்குப் போய் வருபவர். மரவள்ளிக்கிழங்கு மாவை அங்கே பார்க்கிறார். சரக்குக்குத் தேவை இருப்பது வியாபாரியான அவருக்குப் புரிகிறது. ஆனால் ஜவ்வரிசி செய்யும் முறை தெரியாது. அது தெரிந்தவர், பினாங்கிலிருந்து வந்த பொபட்லால் ஷா. இருவரும் சேர்ந்து 1943இல் மரவள்ளியிலிருந்து ஜவ்வரிசி தயாரிக்கத் தொடங்கினார்கள். ஆரம்பத்தில் முறை மிகச் சாதாரணமானதுதான். பிறகு வெங்கடாசலம் கவுண்டர் என்ற மெக்கானிக்கின் திறமையால் இயந்திரங்களும் செய்முறையும் மேம்பட்டன.

கவனிச்சீங்களா? சந்தை தெரிந்தவர் ஒருவர், செய்முறை தெரிந்தவர் ஒருவர், இயந்திரம் தெரிந்தவர் ஒருவர். எல்லாம் தெரிந்த ஒரே ஆளைத் தேடிக்கிட்டு இருந்திருந்தா காலம்தான் போயிருக்கும். ஊரையே கூட்டி யோசனை கேட்டிருந்தாலும் வேலை நடந்திருக்காது. எங்கே தடைபட்டதோ, அதைத் தெரிந்தவரின் கை கிடைத்ததும் வேலை நகர்ந்தது.

அதனால் முதல் வேலை, ஒரு நோட்டை எடுத்து உங்கள் கேள்வியை எழுதுங்கள். "தொழில் நல்லா வரணும், என்ன பண்ணலாம்?" என்பது கேள்வியே இல்லை. "பத்து கிலோ கிழங்கு வாங்கினால் எத்தனை கிலோ சிப்ஸ் தேறும்?" என்பது கேள்வி. "கடைக்காரர் எத்தனை நாளில் பணம் தருவார்?" என்பது கேள்வி. இப்படி எழுதினால் யாரிடம் போக வேண்டும் என்பது தானாகவே தெரிந்துவிடும்.

அடுத்து, ஆளை எப்படித் தேர்ந்தெடுப்பது? மூன்று விஷயம் பாருங்கள்.

ஒன்று, அந்த வேலையை அவர் தானே செய்திருக்கிறாரா? இரண்டு, தான் நட்டப்பட்ட கதையையும் சொல்கிறாரா? ஜெயித்ததை மட்டுமே சொல்பவரிடம் கத்துக்க பாதி விஷயம்தான் இருக்கும். மூன்று, நாம் அவர் சொல்படி நடந்தால் அவருக்கு என்ன கிடைக்கும்?

மூன்றாவது ரொம்ப முக்கியம். ஜவ்வரிசி ஆலைக்காரர்களே ஒரு காலத்தில் முதலுக்கும் விற்பனைக்கும் இடைத்தரகர்களையும் வியாபாரிகளையும் நம்பி இருந்தார்கள். சரக்குக்குச் சரியான விலை கிடைக்கவில்லை. அதை மாற்றத்தான் 1981இல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் வந்தது. மெஷின் விற்பவரிடம் மெஷினைப் பற்றித் தாராளமாகக் கேளுங்கள். எத்தனை பெரிய மெஷின் வேண்டும் என்பதை மட்டும், விற்காத ஒருவரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

சரிங்க, பக்கத்துல யார் இருக்காங்க?

மரவள்ளி ரகம், சாகுபடி பற்றிய கேள்வியா? ஏத்தாப்பூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மரவள்ளி மற்றும் ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கால்நடை பற்றியா? தலைவாசலில் கால்நடை மருத்துவக் கல்லூரி மற்றும் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கடன், மானியம் பற்றியா? சேலம் மாவட்டத் தொழில் மையம். தொழில் பயிற்சியா? வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனங்களில் கிராமப்புற இளைஞர்களுக்கு இலவசமாகப் பயிற்சி தருகிறார்கள். பயிற்சி முடிந்து இரண்டு ஆண்டு வரை தொடர் வழிகாட்டுதலும் உண்டு. இதைப் பலர் கேட்டு வாங்குவதே இல்லை, நீங்கள் கேளுங்கள். புதுமையான தொழில் யோசனையா? தமிழ்நாடு அரசின் 'ஸ்டார்ட்அப் டிஎன்' மூலம் வழிகாட்டிகளை அணுகலாம்.

தம்மம்பட்டியில் மரச்சிற்பம் செய்யும் குடும்பத்துத் தம்பிக்கு உளி பிடிக்கச் சொல்லித்தர வீட்டிலேயே ஆள் உண்டு. அதற்கு வெளியே வழிகாட்டி தேவையில்லை. ஆனால் சிற்பம் உடையாமல் வெளியூருக்கு அனுப்புவது எப்படி, செல்போன் வழியாக விற்பது எப்படி என்பது வேறு கேள்வி. அதற்கு வேறு ஆள். தாத்தாவின் அனுபவத்துக்கு இதில் எந்தக் குறைவும் இல்லை.

ஒரு எச்சரிக்கை. "லோன் வாங்கித் தரேன், முன்பணம் கட்டுங்க" என்று யார் சொன்னாலும் அவர் வழிகாட்டி இல்லை. குறு, சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு முற்றிலும் இலவசம். இணைய முகவரி 'டாட் ஜிஓவி டாட் இன்' என்று முடிகிறதா எனப் பார்த்துவிட்டு விவரங்களைக் கொடுங்கள். ஓடிபி எண்ணை யாரிடமும் சொல்லாதீங்க.

கடைசியாக, யோசனை கேட்பதற்கும் ஒரு அளவு வையுங்கள். முக்கிய வழிகாட்டி ஒருவர் போதும். மாதம் ஒருமுறை, போன முறை அவர் சொன்னதில் எதைச் செய்தோம், என்ன ஆச்சு என்ற கணக்கோடு போய்ப் பாருங்கள். ஒரு யோசனையைச் செய்து பார்க்காமல் அடுத்த யோசனைக்குப் போகாதீங்க. அந்த ஒரு லட்சத்தில் கொஞ்சத்தை மட்டும் எடுத்து, ஐந்து கிலோ சிப்ஸ் போட்டு வாரச்சந்தையில் விற்றுப் பாருங்கள். வாங்கினவர் அடுத்த வாரமும் வந்து கேட்கிறாரா? மாமாவும் யூடியூபும் சொல்ல முடியாத பதில் அது.

மற்றவர்கள் யோசனை சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். அடகுச் சீட்டு உங்க பேர்ல இருக்குது. அதனால் எல்லாரையும் மரியாதையோடு கேளுங்கள், முடிவை நீங்களே எடுங்கள்.

இன்னிக்கு வீட்டுக்குப் போனதும் அந்த நோட்டில் ஒரே ஒரு கேள்வி எழுதுங்கள். நாளைக்கு அதை யாரிடம் கேட்பது என்று பக்கத்தில் எழுதுங்கள். அது போதும்.