கேல்கரின் மகன் நன்றி கெட்டவனா?

(நம் சமுதாயக் கூடத்தில் ‘நாயகன்’ திரையிடப்பட்ட மறுவாரம் நடந்த கலந்துரையாடலில் பேசியது)



போன ஞாயிற்றுக்கிழமை இதே கூடத்தில் ‘நாயகன்’ பார்த்தோம். கடைசிக் காட்சியில், விடுதலையாகி நீதிமன்றத்தை விட்டு வெளியே வரும் வேலு நாயக்கரை இன்ஸ்பெக்டர் கேல்கரின் மகன் சுட்டுவிடுகிறான். அப்போது என் பின்வரிசையில் ஒருவர், “இத்தனை வருஷம் சோறு போட்டவரையே சுட்டுட்டானே, நன்றி கெட்டவன்” என்றார். யார் என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. காரணம், 1987 தீபாவளிக்கு இந்தப் படம் வந்தபோது தியேட்டர் வாசலில் நின்று நானும் இதையேதான் சொன்னேன்.

சினிமாவைச் சற்று மறந்துவிட்டு விஷயத்தை மட்டும் பாருங்கள். ஒரு பையனின் அப்பாவை ஒருவர் அடித்தே கொன்றுவிடுகிறார். ஊரே பயந்து வாய் திறக்கவில்லை. கொன்றவரே பிறகு அந்தக் குடும்பத்துக்குப் பணம் கொடுத்துக் காப்பாற்றுகிறார். மனவளர்ச்சி குன்றிய அந்தப் பிள்ளை, பெரியவனான பிறகு உண்மை தெரிந்து சுடுகிறான். அவன் சுட்டது சரி என்று நான் சொல்லவில்லை. ஆனால் இதைச் செய்தித்தாளில் படித்திருந்தால் “நன்றி” என்ற வார்த்தை நம் வாயில் வந்திருக்குமா?

அந்த வார்த்தையை நம் வாயில் வரவழைத்தது எது? எனக்குத் தெரிந்து மூன்று விஷயங்கள்.

முதலாவது, காட்சிகளின் வரிசை. படம் சிறுவன் வேலுவோடு தொடங்குகிறது. போலீஸார் அவனை ஏமாற்றி, அவன் மூலமாகவே அவன் அப்பாவைக் கண்டுபிடித்துச் சுடுகிறார்கள். அதற்குப் பிறகு அவன் கத்தி எடுத்தால் “பாவம் பிள்ளை” என்கிறோம். நான் வங்கியில் இருந்தவன். என் பாஷையில் சொன்னால், வேலுவின் கணக்கில் முதலிலேயே பெரிய தொகை ஒன்று வரவு வைக்கப்படுகிறது. பிறகு எவ்வளவு எடுத்தாலும் இருப்பு தீர்வதே இல்லை.

கேல்கருக்கு நடப்பது நேர் எதிர். வேலுவை வளர்த்த உசேன் பாய் போலீஸ் காவலில் சாகக் காரணமானவராகத்தான் அவரை நமக்குத் தெரியும். அவருக்கு ஒரு மனைவி உண்டு, இப்படி ஒரு பிள்ளை உண்டு என்பது அவர் செத்த பிறகுதான் தெரிகிறது. இதையே மாற்றிப் போட்டுப் பாருங்கள். கேல்கர் அந்தப் பிள்ளைக்குச் சோறு ஊட்டும் காட்சி ஒன்று முதலில் வருகிறது. அடுத்த காட்சியில் அவரை அடித்துக் கொல்கிறார்கள். போன வாரம் இந்தக் கூடத்தில் கைதட்டல் கேட்டதே, அது கேட்டிருக்குமா?

இரண்டாவது, நெருக்கம். மனைவி நீலா போகும்போதும், மகன் சூர்யா போகும்போதும் நாம் வேலுவின் பக்கத்திலேயே இருக்கிறோம். அந்த முகத்தை அருகில் பார்க்கிறோம். அவருடைய தொழிலால் வேறு வீடுகளில் விழுந்த அழுகையை நாம் கேட்பதில்லை. விடிந்தால் கணக்குப் பரீட்சை என்று சொல்லும் நீலாவை அவர் படிக்க விடுகிறாரே, அந்த இடத்தில் உருகாதவர் யார்?

மூன்றாவது, இசை. இளையராஜாவின் அந்தத் தாலாட்டு போன்ற மெட்டு படம் நெடுகத் திரும்பத் திரும்ப வருகிறது. அது கேட்டதும் தலை நரைத்த தாதா மறைந்துபோய், அப்பாவை இழந்த சிறுவன் வந்து நிற்கிறான்.

கமல் நடித்ததால்தான் இப்படி என்று சிலர் சொல்லலாம். 1960-ல் வந்த ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’வில் ஒரு பெண் குளியலறையில் கொல்லப்படுகிறாள். அதுவரை நாம் அவளோடுதான் இருந்தோம். நார்மன் என்ற இளைஞன் அந்தக் கொலையை மறைக்கிறான். அவன் ரத்தத்தைக் கழுவித் துடைப்பதை நிதானமாகக் காட்டுகிறார்கள். பிறகு பிணம் வைத்த காரைச் சதுப்புக் குட்டையில் தள்ளுகிறான். கார் பாதி மூழ்கி நின்றுவிடுகிறது. “ஐயோ, முழுசா மூழ்கணுமே!” என்று நம் மனம் பதறுகிறது. ஒருவன் பாடுபட்டுச் செய்யும் வேலையைக் கூடவே இருந்து பார்த்தால், அது கெட்டுவிடக்கூடாது என்று தோன்றிவிடுகிறது. அது என்ன வேலை என்பது அந்த நிமிஷம் மறந்துபோகிறது.

மணிரத்னத்தை நான் குறை சொல்லவில்லை. மகள் சாருமதி அப்பாவைக் கேள்வி கேட்டுவிட்டு வீட்டை விட்டே போகிறாள். பேரன், தாத்தா நல்லவரா கெட்டவரா என்று கேட்கிறான். அவருக்கே பதில் தெரியவில்லை. கடைசியில் கேல்கரின் மகனைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். படம் பழைய பாக்கியை மறக்கவில்லை. பார்த்துக்கொண்டிருந்த நாம்தான் மறந்தோம். இப்போது வரும் பல அடிதடிப் படங்களில் அந்த மகனும் இல்லை, அந்த மகளும் இல்லை. செத்தவன் யார் வீட்டுப் பிள்ளை என்று யாரும் கேட்பதில்லை.

படம் பார்க்காதே என்று பிள்ளைகளைத் தடுக்க நம்மால் முடியாது. தடுக்கவும் வேண்டாம். கூடவே உட்கார்ந்து பார்ப்போம். படம் முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்போம்: “அடிபட்டுச் செத்தானே, அவன் வீட்ல இப்போ என்ன நடந்துட்டிருக்கும்?” அவர்கள் பதில் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை. கேள்வி காதில் விழுந்தால் போதும்.

பின்வரிசை நண்பர் இன்றும் வந்திருந்தால் கோபித்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் சொன்னதைத்தான் நானும் சொன்னேன். அதைத் திரும்ப யோசிக்க எனக்கு இத்தனை வருஷம் ஆயிற்று. உங்களுக்கு ஒரே வாரத்தில் சொல்லிவிட்டேன்.