கை தளரட்டும், கண் தளர வேண்டாம்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"இன்ஜினியருக்கும் பூ வரையறதுக்கும் என்னய்யா சம்பந்தம்?" என்று பின் வரிசையில் யாரோ சிரிப்பது கேட்கிறது. சம்பந்தம் இருக்கிறது. பொத்தேரி ஸ்டேஷனில் மினி டிராஃப்டரோடு இறங்கிய கூட்டம்தானே நாம்? கோடு அரை மில்லிமீட்டர் தள்ளினால் மார்க் போச்சு. அந்தக் கண்டிப்பு தேவைதான். ஆனால் நீர்வண்ணத்தில் பூ வரைய உட்கார்ந்தால் அதே கை முரண்டு பிடிக்கும். அதை எப்படித் தளர்த்துவது என்பதைத்தான் இன்று சொல்ல வந்தேன்.

பூவை அச்சு அசலாக வரைவதில் நம் பக்கத்துக்காரர்கள் சாதாரணமானவர்கள் அல்லர். 19-ஆம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்தில் பணியாற்றிய மருத்துவரும் தாவரவியல் அறிஞருமான ராபர்ட் வைட்டுக்கு ரங்கையா, கோவிந்து என்ற இரண்டு ஓவியர்கள் செடிகளை வரைந்து கொடுத்தார்கள். இதழ், மகரந்தத்தாள், விதை என எதுவும் தப்பாது. கோவிந்துவைக் கௌரவித்து ஒரு ஆர்கிட் பேரினத்துக்கே 'கோவிந்தூயா' என்று பெயர் சூட்டினார் வைட்.

அப்படியானால் தளர்வாக வரைவது சோம்பேறித்தனமா? இல்லை. சீனாவில் இரண்டு வழிகளும் பல நூற்றாண்டுகளாக உண்டு. நுணுக்கமாக வரைவது 'கோங்பி'. சில வீச்சுகளில் உயிரைக் காட்டுவது 'ஷியேயி'. அதற்கு 'எண்ணத்தை எழுதுதல்' என்று பொருள். தமிழிலும் பழைய வழக்கில் சித்திரத்தை 'எழுதுவது' என்றுதானே சொன்னோம்!

இனி செய்முறைக்கு வருவோம். ஒற்றைச் செம்பருத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் ஐந்து நிமிடம் பார்ப்பது மட்டும்தான் வேலை. பென்சில் வேண்டாம். கனமான தாளில் இதழ்கள் வரும் இடத்தைச் சுத்தத் தண்ணீரால் நனையுங்கள். 10-ஆம் நம்பர் பிரஷ்ஷில் சிவப்பை நிறைய எடுத்து, நடுவில் தொட்டு விட்டுவிடுங்கள். ஈரம் உள்ள மட்டும் நிறம் பரவும். உலர்ந்த எல்லையில் நிற்கும். தந்துகிக் கவர்ச்சியும் பரப்பு இழுவிசையும் நாம் படித்த பாடம்தானே? பாதி காய்ந்த இடத்தில் மறுபடி நிறைய தண்ணீர் வைத்தால் காலிஃபிளவர் மாதிரி திட்டு விழும். ஆகவே, தொட்ட இடத்தை மறுபடி தொடாதீர்கள். மகரந்தத் தூளை நன்றாகக் காய்ந்த பிறகு வையுங்கள்.

நந்தியாவட்டை இன்னும் நல்ல பாடம். அங்கே பூவை வரைவதே இல்லை. சுற்றியுள்ள பச்சையை மட்டும் வரைகிறோம். வரையாமல் விட்ட தாள்தான் பூ! எதை விட வேண்டும் என்பதை முன்பே தீர்மானிக்காதவருக்கு இது வராது. கை தளரலாம், திட்டம் தளரக் கூடாது.

என் வீட்டுச் சங்கதி ஒன்று. சர்க்கரை வியாதியால் அம்மாவுக்குப் பார்வை மங்கிவிட்டது. மெல்லிய கோட்டில் நான் வரைந்த படங்கள் அவருக்கு வெறும் தாள்தான். ஒரு நாள் பெரிய பிரஷ்ஷில் வரைந்த செம்பருத்தியைக் கையில் கொடுத்தேன். "கொல்லைச் செம்பருத்திதானேடா?" என்றார். கண்ணுக்கு முதலில் எட்டுவது நிறமும் திரளும்தான்; நரம்பும் விளிம்பும் அப்புறம்தான் என்பது அன்று விளங்கியது.

மாணவத் தம்பி தங்கைகளே! கேட்டில் ஒரு கட்டளையில் பிழையை அழித்துவிடலாம். நீர்வண்ணத்தில் அது நடக்காது. விழுந்த நிறத்தோடு அடுத்த முடிவை எடுக்க வேண்டும். வேலைக்குப் போன பிறகு சைட்டில் பாதி நாள் நிலைமை அப்படித்தான் இருக்கும். இங்கே நஷ்டம் ஒரு தாள் மட்டுமே. பழகிக்கொள்ள இதைவிட மலிவான இடம் இல்லை.

ஈஞ்சம்பாக்கத்தில் 1966-இல் கே.சி.எஸ். பணிக்கர் தொடங்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் வாருங்கள். நீர்வண்ண நிலக்காட்சிகளில் கை பழகித்தான் அவரும் புதிய பாணிகளுக்குப் போனார். ஒரு பிரஷ், மூன்று நிறம், ஒரு டம்ளர் தண்ணீர் போதும். இந்த வாரமே ஒரு பூவைத் தொடங்குங்கள்.