கீழாநெல்லிக்கு முன் ஒரு ரத்தப் பரிசோதனை



என் கையில் இருப்பது கீழாநெல்லி. வரும் வழியில் வாய்க்கால் கரையில் பிடுங்கியது. இந்தக் கிளையைத் திருப்பிப் பாருங்கள். இலைகளுக்கு அடியில் கடுகளவு பச்சைக் காய்கள் வரிசை பிடித்திருக்கின்றன. காமாலை என்றால் இதைத்தான் அரைத்து, மோரில் கலக்கி, வெறும் வயிற்றில் கொடுப்போம். பாட்டிமார் கைவைத்தியத்தைத் தள்ளிவிட்டுப் போக நான் வரவில்லை.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் எஸ்.பி. தியாகராஜன் தலைமையில் ஒரு குழு, ஹெபடைடிஸ் பி கிருமியைச் சுமந்துகொண்டிருந்தவர்களுக்கு இந்தச் செடியின் பொடியை 200 மில்லிகிராம் வீதம் மூன்று வேளை, 30 நாள் கொடுத்தது. 37 பேரில் 22 பேருடைய ரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்தது. வெற்று மருந்து சாப்பிட்ட 23 பேரில் ஒரே ஒருவருக்குத்தான் மறைந்தது. 1988இல் ‘லான்செட்’ இதழ் அதை வெளியிட்டது. அந்தக் கிருமியைக் கண்டுபிடித்து, 1976இல் நோபல் பரிசு பெற்ற பிளம்பெர்க்கும் அந்தக் கட்டுரையில் சேர்ந்து எழுதியிருந்தார். நம் வாய்க்கால் கரைச் செடிக்கு எப்பேர்ப்பட்ட மரியாதை!

பிற்பாடு நடந்ததையும் சொல்ல வேண்டும். தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் சோதித்துப் பார்த்தார்கள். அந்தப் பலன் கிடைக்கவில்லை. ஆகவே ஹெபடைடிஸ் பி-க்கு இந்த இலையை நம்பி இருந்துவிடாதீர்கள். அதைத் தடுக்கத் தடுப்பூசி இருக்கிறது. குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனையில் இலவசமாகப் போடுகிறார்கள். கேட்டு வாங்குங்கள்.

“எங்கள் ஊரில் மருந்து குடித்து எத்தனை பேர் பிழைத்தார்கள் தெரியுமா?” என்பீர்கள். பிழைத்தது உண்மை. சாக்கடை கலந்த தண்ணீரால் வரும் ஹெபடைடிஸ் ஏ, பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானாகவே இறங்கிவிடும். அந்த நேரத்தில் எதைக் குடித்தாலும் பெயர் அதற்குத்தான். அதே தெருவில் இன்னொருவருக்குப் பித்தக் குழாயில் கல் அடைத்திருக்கும். அவர் கண்ணும் மஞ்சள்தான். மற்றொருவருக்குக் குடியால் கல்லீரல் சுருங்கியிருக்கும்; அவருக்கும் மஞ்சள்தான். கண் மஞ்சளானால் முதலில் ரத்தம் கொடுத்துக் காரணத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். மலம் வெளுத்துப் போனாலோ, பேச்சு குழறினாலோ, பகலெல்லாம் தூங்கி விழுந்தாலோ ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

என் மனத்தை வருத்துவது நம் வீட்டுப் பத்தியம். உப்பில்லாக் கஞ்சி, எண்ணெயைக் கண்ணில் காட்டக் கூடாது. நோயோடு மல்லுக்கட்டும் உடம்பை வாரக்கணக்கில் பட்டினி போடுகிறோம் ஐயா! பசி எடுக்கும்போது இட்லி கொடுங்கள், பருப்புச் சாதம் கொடுங்கள், முட்டை கொடுங்கள். வயிற்றில் நீர் கோத்தவருக்குத்தான் உப்பைக் குறைக்கச் சொல்வார்கள்.

இப்போது குடிக்காதவர்களுக்கும் ஸ்கேனில் ‘ஃபேட்டி லிவர்’ என்று வருகிறது. தட்டு நிறையச் சோறு, ஓரத்தில் ஒரு கரண்டிப் பொரியல், மாலையில் பாட்டில் குளிர்பானம், நாள் முழுக்க நாற்காலி. இதற்கு இலை தேடி அலைய வேண்டாம். சோற்றைப் பாதியாக்குங்கள், பொரியலை இரட்டிப்பாக்குங்கள். வள்ளலார் கொண்டாடிய கரிசலாங்கண்ணியைப் பருப்போடு கடைந்து சாப்பிடுங்கள், கீரையாக. 80 கிலோ இருப்பவர் 4 கிலோ குறைந்தாலே கல்லீரலில் கொழுப்பு குறையத் தொடங்கும். 6 கிலோ, 8 கிலோ இறங்கினால் அழற்சியும் தணியும். காபி பிரியர்களுக்கு நல்ல செய்தி: சர்க்கரை போடாத காபி கல்லீரலுக்கு நண்பன் என்று ஆய்வுக்கு மேல் ஆய்வு சொல்கிறது. பூஞ்சை பிடித்த வேர்க்கடலையை மட்டும் கழுவிக் காயவைத்துத் தின்னாதீர்கள். அந்த நஞ்சு வறுத்தாலும் முழுதாகப் போகாது, கல்லீரலில் புற்றை வளர்க்கும்.

கடைசியாக, கொரோனா காலத்தில் சீந்தில் கஷாயத்தை நாள்தவறாமல் குடித்த சிலருக்குக் கல்லீரல் வீங்கியதை மும்பை மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். அது வேறு இனத்துக் கொடியாக இருக்கலாம் என்று ஆயுஷ் அமைச்சகம் மறுத்தது. எந்தக் கொடியானாலும், குடித்தது என்ன என்று தெரிந்தால்தான் மருத்துவரால் அதை நிறுத்தச் சொல்ல முடியும். திட்டுவாரோ என்று பயந்து நம்மவர்கள் மறைக்கிறார்கள். மறைக்காதீர்கள் அம்மா! கஷாயம், லேகியம், சூரணம் எதுவானாலும் பாக்கெட்டோடு, செடியானால் வேரோடு எடுத்துப் போய் அவர் மேசையில் வையுங்கள்.